விக் முடி தும்பாகிறது, எண்ணெய் வைக்கலாமா அக்கா?

காரைதீவுப் பக்கம் இருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார்:

"அன்பின் அக்கா, போன வருடம் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றியதில் முடி முழுவதும் கொட்டிப் போனது. கனடாவில் இருக்கிற என் அக்கா மனித முடியில் செய்த விக் ஒன்று வாங்கி அனுப்பினா. வந்த புதிதில் அவ்வளவு பளபளப்பு. நாலைந்து தரம் கழுவிய பிறகு நுனி தும்பு மாதிரி ஆகிவிட்டது, பிடரிப் பக்கம் ஒரே சிக்கு. அம்மா சொன்னா என்று தேங்காய் எண்ணெய் வைத்தேன், பிசுபிசுத்துத் தூசி ஒட்டியதுதான் மிச்சம். கழுவுவது எங்கள் கிணற்றுத் தண்ணீரில். பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறேன். வகுப்பில் பிள்ளைகள் என் நெற்றியைத்தான் பார்க்கிறார்களோ என்று ஒரு கூச்சம். சொந்த முடி இப்போது ஒரு அங்குலம் வந்திருக்கிறது, விக் போட்டால் அது வளராது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா? இன்னொரு விக் வாங்கி அனுப்பட்டுமா என்று அக்கா கேட்கிறா, என்ன சொல்வது?"

தங்கச்சி, சொந்த முடியைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லி விடுகிறேன், அந்தப் பயத்தோடு மற்றதை வாசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. விக் போடுவதால் சொந்த முடி வளராமல் போகாது. முடி உண்டாவது தோலுக்குள் இருக்கிற வேரில், அந்த வேருக்கு வேண்டியதெல்லாம் இரத்தம் வழியாகத்தான் போகிறது, வெளியில் நீங்கள் தொப்பி போட்டாலும் முக்காடு போட்டாலும் அதற்கு ஒரு குறையும் வராது. கீமோ முடிந்து சில கிழமைகளில் பூனைமுடி போல மெல்லிசாகத் தொடங்கும், அப்புறம் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், அல்லது கொஞ்சம் கூட. முன்பு நேராக இருந்த முடி சுருளாக வரலாம், நிறம் மாறியும் வரலாம், பயப்படாதீர்கள், பலருக்கு அப்படித்தான் வருகிறது.

ஆனால் விக்கின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சின்னச் சீப்புக் கிளிப்புகள் தைத்திருப்பார்கள். அவை நீள முடி உள்ளவர்களுக்கு. உங்கள் ஒரு அங்குல முடியை அவை பிடித்து நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் முடி முறியும், நெற்றியோரம் இழுபட்டு இழுபட்டு மெலிந்தும் போகும். நூலைக் கவனமாக வெட்டி அந்தக் கிளிப்புகளை எடுத்து விடுங்கள். பதிலாகத் தலையைச் சுற்றி ஒரு வெல்வெட் பட்டி கட்டி அதன் மேல் விக்கைப் போட்டால் வழுக்காது. பசை வேண்டவே வேண்டாம், கீமோவுக்குப் பிறகு தலைத் தோல் கொஞ்சக் காலத்துக்கு மிகவும் மெல்லிசாக இருக்கும். கடி, எரிச்சல், சிவப்புப் பொட்டுகள் ஏதாவது வந்தால் என்னிடம் கேட்க முன்பு கிளினிக்கில் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, விக்குக்கு வருவோம்.

நம் தலையில் நிற்கிற முடிக்குத் தோலில் இருந்தே ஒரு எண்ணெய்ப்பசை ஊறி வந்துகொண்டிருக்கிறது, தலை வாரும்போது அது நுனி வரைக்கும் போகிறது. வெட்டி எடுத்த முடிக்கு அந்த ஊற்று நின்று போயிற்று. அதனால் விக் முடியில் எது இருக்கிறதோ அதை இழக்காமல் பார்த்துக் கொள்வதுதான் பெரிய வேலை, புதிதாகக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். நீங்களோ கொடுப்பதைப் பற்றியே யோசித்திருக்கிறீர்கள், இழப்பதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, பெட்டியில் மனித முடி என்று போட்டிருந்தாலும் எல்லா மனித முடியும் ஒன்றல்ல. விக் செய்யப் போகிற முடியில் கனக்க இந்தியாவில் இருந்து வருவது. திருப்பதி, பழனி போன்ற கோவில்களில் நேர்த்திக்கு மொட்டை போட்ட முடியை ஏலத்தில் விற்கிறார்கள். அப்படி ஒரே பிடியாக எடுத்த முடியை வேர்ப் பக்கம் ஒரு பக்கமாகவும் நுனிப் பக்கம் ஒரு பக்கமாகவும் குழப்பாமல் வைத்துத் தைத்தால் அதற்குப் பெயர் ரெமி. இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, எல்லாம் வேரில் இருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். எல்லா முடியும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றோடு ஒன்று உரசினாலும் சிக்காது. சீப்பில் கழன்ற முடி, தரையில் கூட்டிய முடி எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கிற மலிவான விக்கில் திசைகள் கலந்து விடுகின்றன. அது சிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் அமிலத்தில் போட்டு அந்தச் செதில்களையே உரித்து எடுத்து விட்டு, சாயம் ஏற்றி, மேலே சிலிக்கோன் பூசி அனுப்புகிறார்கள். கடையில் கண்ணைப் பறிக்கிற மினுமினுப்பு அந்தப் பூச்சுத்தான். நாலைந்து கழுவலில் அது போய்விடும், உள்ளே இருக்கிற உரித்த முடி வெளியே தெரியும். நீங்கள் எழுதியதை வாசித்த உடனே எனக்கு வந்த எண்ணம் இதுதான்.

அதை நீங்களே பார்க்கலாம். பிடரிப் பக்கத்தில் ஒரு முடியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து வேரில் இருந்து நுனிக்கு ஒருக்கால் உருவுங்கள், பிறகு நுனியில் இருந்து வேருக்கு. வேரை நோக்கி வரும்போது மட்டும் சொரசொரத்தால் செதில் இருக்கிறது, அது நல்ல முடி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் செதில் உரித்தது. அதே முடியை ஒரு தட்டில் வைத்து, விக்கைத் தூரத்தில் வைத்து விட்டு, தீக்குச்சியால் பற்ற வையுங்கள். மனித முடி கருகி மணக்கும், தொட்டால் சாம்பலாக நொறுங்கும். உருகிச் சின்ன மணியாக இறுகினால் அது செயற்கை நூல், மனித முடியோடு கலந்து விட்டிருக்கிறார்கள். வேறு வேறு இடத்தில் இரண்டு மூன்று முடி எடுத்துப் பாருங்கள், கலப்படம் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்காது.

செயற்கை நூல் என்று தெரிந்தால் கண்டிஷனருக்குக் காசு செலவழிக்காதீர்கள், அந்த நூல் தண்ணீரையோ எண்ணெயையோ உறிஞ்சுவதே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்து, சூடு படாமல் பார்த்துக் கொண்டால் போதும். சோற்றுப் பானை மூடியைத் திறக்கும்போது வருகிற ஆவியே அதன் முன்பக்கத்தைச் சுருட்டி விடலாம், சுருண்டதைத் திரும்பச் சரி செய்வது கஷ்டம். உங்களது மனித முடி என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

முதல் குற்றவாளி உங்கள் கிணறு. காரைதீவு, கல்முனை, இந்தப் பக்கம் கல்லடி, களுவாஞ்சிக்குடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் தரை, பல கிணறுகளில் தண்ணீர் சவர், கோடை முற்ற முற்ற அது கூடும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருந்தால் அதேதான் விக் முடியிலும் படிகிறது. சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரில் ஷாம்பூவும் வடிவாகப் போகாது, மிச்சம் முடியில் ஒட்டிக் கொள்ளும், அதன் மேல் கண்டிஷனர் போட்டாலும் உள்ளே இறங்காது. உங்கள் சொந்த முடி இருந்த காலத்தில் இதே தண்ணீரில் முழுகி ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மா கேட்பா. அது ஊறிக்கொண்டிருந்த முடி, இது ஊற்று நின்ற முடி. கழுவுவதற்குப் பைப் தண்ணீர் கிடைத்தால் அதைப் பாவியுங்கள். பைப் இல்லையென்றால் கடைசியாக அலசுகிற இரண்டு மூன்று லீட்டருக்கு மட்டும் குடிக்க வாங்குகிற வடிகட்டிய தண்ணீரை எடுங்கள், அவ்வளவு போதும். மாரி தொடங்கியதும் கூரையில் விழுகிற மழைத் தண்ணீரை, முதல் மழையை விட்டு விட்டு, ஒரு வாளியில் பிடித்து வைத்தால் விக்குக்கு அதை விட நல்ல தண்ணீர் இல்லை.

இதுவரை படிந்ததை எடுக்க ஒரு லீட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, ஷாம்பூ போட்டு அலசிய பிறகு முடி நீளத்துக்கு ஊற்றி, ஒரு நிமிடம் வைத்து அலசி விடுங்கள். மாதத்துக்கு ஒரு தரம் போதும். தேசிக்காய் அவித்து முழுகுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, தலையில் இருக்கிற முடிக்கு அது நல்லதுதான், ஆனால் விக்கில் வேண்டாம். சதையும் விதையும் விக்கின் உள்ளே முடி கட்டியிருக்கிற வலையில் மாட்டிக்கொண்டு எடுக்க முடியாமல் போகும், சாயமும் வெளுக்கும். வெந்தயம் அரைத்துப் பூசுவது, முட்டை, கற்றாழைச் சோறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான், வலைக்குள் புகுந்த முட்டை நாற்றத்தைப் பிறகு எந்த ஷாம்பூவும் எடுக்காது.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கக் கூடிய எண்ணெய், அம்மா சொன்னதில் பிழை இல்லை. பிழை வைத்த நேரத்திலும் அளவிலும் இருக்கிறது. எண்ணெய் ஈரம் அல்ல, உள்ளே இருக்கிற ஈரம் போகாமல் மூடுவது. காய்ந்த முடியின் மேல் எண்ணெயை வைத்தால் காய்ந்ததையே மூடி வைக்கிறீர்கள், அதோடு வீதித் தூசி முழுவதையும் வரவேற்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் வைக்க ஆசை என்றால் கழுவுவதற்கு முதல் நாள் இரவு, உள்ளங்கையில் நாலைந்து துளி விட்டுத் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவுங்கள், மறுநாள் ஷாம்பூவில் மேலதிகம் போய்விடும். வேர்ப் பக்கம் விரல் போகக் கூடாது. கையால் கட்டிய விக்கில் முடியை வலையில் முடிச்சு முடிச்சாகக் கட்டியிருப்பார்கள், முடிச்சில் எண்ணெயோ கண்டிஷனரோ ஊறினால் அது தளர்ந்து முடி ஒவ்வொன்றாகக் கழன்று வரும். விக்கில் உச்சி வெறுமையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுவுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதி முடி கெடுவது பேசினுக்குள்தான். நனைக்க முன்பே சிக்கெடுக்க வேண்டும். அகலப் பல் சீப்பு, நுனியில் இருந்து தொடங்கி, மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேல் நோக்கி. சிக்கோடு தண்ணீரில் போட்டால் அது கட்டியாக இறுகி விடும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஷாம்பூவைக் கரைத்துக்கொள்ளுங்கள், சல்பேட் இல்லாதது என்று போத்தலில் எழுதியது நல்லது. கட்டிச் சவர்க்காரம் வேண்டவே வேண்டாம், அது செதிலை எழுப்பி விடும். விக்கை உச்சிப் பக்கம் மேலே இருக்கப் பிடித்துக்கொண்டு கரைத்த ஷாம்பூவை மேலிருந்து கீழாக ஊற்றி, விரலால் நீளத்துக்கு உருவி விடுங்கள். துணி தோய்க்கிற மாதிரிக் கசக்கக் கூடாது, தலைகீழாக வாளியில் முக்கி வைக்கவும் கூடாது. உட்பக்கத்தில் வியர்வை படிகிற நெற்றிப் பட்டியையும் பிடரிப் பட்டியையும் மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் மெதுவாகத் தேயுங்கள். அலசிய பிறகு கண்டிஷனர், காது மட்டத்தில் இருந்து கீழே, நுனிக்குத் தாராளமாக. பத்து நிமிடம் விட்டு, அதே அகலப் பல் சீப்பால் கண்டிஷனர் இருக்கும்போதே ஒரு தரம் வாரி விட்டு, குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசுங்கள். துவாயில் வைத்து மடித்து அமர்த்துங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். நனைந்த முடிக்குப் பலம் குறைவு, அப்போது இழுத்தால் நீண்டு முறியும்.

காய வைக்க வீட்டில் இருக்கிற குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் போடுகிறவர்கள் உண்டு, குடம் அகலம், விக்கின் இலாஸ்டிக் விரிந்து போய்ப் பிறகு தலையில் நிற்காது. பெரிய பால்மா டின் ஒன்றில் துவாயைச் சுற்றி வைத்தால் அளவாக இருக்கும். நிழலில், மின்விசிறியை மெதுவாக வைத்து. வெயிலில் காய வைத்தால் சாயம் வெளுத்துச் செம்பட்டையாகிவிடும், ஆனி ஆடி வெயிலில் அதற்குப் பல நாட்கள் தேவையில்லை.

முக்கால்வாசி காய்ந்ததும் சிலிக்கோன் கலந்த முடிச் சீரம் இரண்டு மூன்று துளி, நுனிக்கு மட்டும். சிலிக்கோன் இருக்கிற பொருட்கள் முடிக்குக் கூடாது என்று பலர் சொல்வார்கள், உங்கள் விக் போன்ற செதில் உரித்த முடிக்கு அந்த அறிவுரை பொருந்தாது. தொழிற்சாலையில் பூசியது கழுவிப் போன பிறகு அந்த வேலையைச் செய்வது இந்தச் சீரம்தான். தயங்காமல் பாவியுங்கள், கழுவக் கழுவப் படிந்தது போய்விடும்.

எத்தனை நாளைக்கு ஒரு தரம் கழுவுவது? தினமும் பாடசாலைக்குப் போடுகிறீர்கள் என்றால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தரம். நம் ஊர் வியர்வைக்கு அது போதாது என்று தோன்றும். வியர்வையை விக்குக்கு விடாமல் பார்த்துக்கொள்ளலாம், உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று போடுங்கள், மருதமுனைக் கைத்தறியில் மிருதுவான துணி எடுத்து நாலு தொப்பி தைத்து வைத்தால் தினம் ஒன்றாகத் தோய்த்துப் போடலாம், தலைத் தோலுக்கும் அதுதான் இதம். வீட்டுக்கு வந்ததும் விக்கின் உள்வலையை ஈரத் துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். தூங்கும்போது போடவே கூடாது.

கழுவுகிற நாட்களுக்கு இடையில் ஒரு தெளிப்புப் போத்தல் உதவும். ஒரு பங்கு கண்டிஷனருக்குப் பத்துப் பங்கு வடிகட்டிய தண்ணீர், குலுக்கி, காலையில் நுனிக்கு இரண்டு மூன்று தரம் அடித்து விரலால் உருவி விடுங்கள். தண்ணீர் சேர்த்தது என்பதால் கிழமைக்கு ஒரு தரம் ஊற்றி விட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கிளிசரின் சேர்க்கச் சொல்கிற குறிப்புகள் எங்கும் கிடைக்கும். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கிற பொருள், காற்றில் ஈரம் இருந்தால் அங்கிருந்து எடுக்கும், இல்லாவிட்டால் முடிக்குள் இருப்பதையே வெளியே இழுத்து விடும். இப்போது கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கே மலைகளில் மழையைக் கொட்டி விட்டுக் காய்ந்து சூடாக இறங்கி வருகிற காற்று அது, தோய்த்த சீலை கொடியில் போட்ட கையோடு காய்கிறது என்றால் உங்கள் விக் என்ன பாடுபடும் என்று பாருங்கள். கச்சான் ஓயும் வரை கிளிசரின் பக்கம் போகாதீர்கள், தெளிப்பும் சீரமும் போதும். வாடைக் காற்றோடு மாரி வரும்போது நிலைமை தலைகீழ், காற்றில் ஈரம் கூடி முடி ஊதிப் பரட்டையாக நிற்கும், அப்போது தெளிப்பைக் குறைத்துச் சீரத்தை ஒரு துளி கூட்டுங்கள்.

பிடரிச் சிக்குக்குக் காரணம் ஸ்கூட்டி. காற்று ஒரு பக்கம், ஹெல்மெட்டின் விளிம்பு ஒரு பக்கம், சட்டைக் கழுத்து ஒரு பக்கம், மூன்றும் அந்த ஒரு இடத்தில்தான் உரசுகின்றன. புறப்பட முன்பு முடியைத் தளர்வாக ஒரு பின்னல் போட்டு, காத்தான்குடியில் சாட்டின் துணி ஒரு மீட்டர் வாங்கி ஸ்காஃப் மாதிரி வெட்டி அதைத் தலையைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட். பாடசாலையில் ஸ்காஃபைக் கழற்றிப் பின்னலை அவிழ்த்து விரலால் சீர் செய்தால் இரண்டு நிமிட வேலை. அபாயாவும் ஸ்காஃபும் போடுகிற சகோதரிகளுக்கும் இதையே சொல்கிறேன், ஜோர்ஜெட் துணி நேரே முடியில் உரசாமல் உள்ளே ஒரு சாட்டின் தொப்பி. ஹெல்மெட் விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள், விக்கும் ஸ்காஃபும் சேர்ந்து தடித்ததில் ஹெல்மெட் தலையில் ஆடினால் விக்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். ஹெல்மெட் இறுக்கமாக இருப்பதுதான் முக்கியம்.

இப்போது அந்தத் தும்பான நுனிக்கு. காய்ந்து பிளந்த நுனி திரும்ப ஒட்டாது, எந்தப் போத்தலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரு அங்குலம், தேவையென்றால் ஒன்றரை அங்குலம் வெட்டி விடுங்கள். நீங்கள் போட்டுக்கொண்டு இருக்கும்போதே ஒரு பார்லரில் வெட்டுவிப்பது நல்லது, டின்னில் வைத்து வெட்டினால் முகத்துக்கு அளவு பிழைக்கும். வெட்டக் கொடுக்கும்போதே உள்பக்கமாக முடியைக் கொஞ்சம் ஐதாக்கித் தரச் சொல்லுங்கள். இயல்பாகத் தெரிவதற்கு நான் சொல்லக் கூடிய முதல் விஷயம் இதுதான், விக் என்று காட்டிக் கொடுப்பது அனேகமாக அதன் அடர்த்தி. உங்கள் வயதில் நம் பெண்கள் யாருக்கும் உச்சியில் அவ்வளவு முடி கிடையாது.

பிள்ளைகள் நெற்றியைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடி முன் நின்று புருவத்துக்கு மேலே நாலு விரலைப் படுக்கையாக வையுங்கள், விக்கின் ஓரம் நாலாவது விரலுக்கு மேலேதான் தொடங்க வேண்டும். கழன்று விடுமோ என்ற பயத்தில் பலர் இரண்டு விரல் மட்டத்துக்கு இறக்கிப் போட்டு விடுகிறார்கள், அப்போது முகம் சுருங்கித் தெரியும், பார்க்கிறவருக்கு என்னவென்று தெரியாமலே கண் அங்கே போகும். காதுக்கு முன்னால் வருகிற இரண்டு சின்ன மடிப்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வகிடு. பல விக்குகளின் வலை வெள்ளைக்காரத் தோலுக்கு அளவான வெளிர் நிறத்தில் வரும், நம் நெற்றிக்குப் பக்கத்தில் அது வெளுத்துத் தெரியும். உங்கள் முகத்துக்குப் போடுகிற பவுடரை, தோலை விட ஒரு நிழல் கறுப்பாக எடுத்து, வலையின் உட்பக்கத்திலும் வகிட்டிலும் சின்னப் பிரஷால் தட்டி விடுங்கள். நேர் உச்சி வேண்டாம், கன்ன உச்சியாகப் பிரித்து, அந்தக் கோடும் கொஞ்சம் வளைந்து இருக்கட்டும். நெற்றியோரத்தில் நாலைந்து முடியைக் குட்டையாக வெட்டி விட்டால் ஓரம் மறைந்து போகும்.

வகிட்டில் குங்குமம் வைக்கிற வழக்கம் இருந்தால் வலையில் வைக்காதீர்கள், அந்தச் சிவப்பு நூலுக்குள் ஏறினால் போகாது. வலை தொடங்குகிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால், உங்கள் நெற்றித் தோலில் வையுங்கள், பார்க்கிறவருக்கு வகிட்டில் வைத்த மாதிரியே இருக்கும். பூ வைக்கலாம், தாராளமாக வைக்கலாம், கொண்டை ஊசியைப் பின்னால் தடிப்பான தையல் பட்டியில் குத்துங்கள், வலையில் குத்தினால் கிழியும். கோவிலில் கற்பூரத் தட்டை ஒற்றிக்கொள்ளக் குனியும்போது முன்முடி தீபத்துக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், கருகின முன்முடியை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்ப்ரே அடித்த கையோடு தீப்பக்கம் போகவே வேண்டாம். சாம்பிராணிப் புகையும் பிடிக்க வேண்டாம், அந்த மணம் விக்கில் நின்று போகும். கல்லடி, பாசிக்குடா என்று கடலுக்குப் போனால் பருத்தித் தொப்பியோடு இறங்குங்கள், விக் வீட்டில் இருக்கட்டும்.

ஸ்ட்ரெய்ட்னரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காய்ந்த முடியைப் பார்த்ததும் கை அதற்குத்தான் போகும். தொடாதீர்கள், இந்த முடி இனி ஒரு சூட்டையும் தாங்காது.

அக்காவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். வாங்கி அனுப்பச் சொல்லுங்கள் தங்கச்சி, கூச்சப்பட ஒன்றுமில்லை. தினமும் போடுகிற மனித முடி விக் ஒன்று நன்றாகப் பார்த்தாலும் ஒரு வருடம் போவதே பெரிய காரியம், இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டுக்கும் ஆயுள் கூடும். ஆனால் இந்தத் தரம் விபரம் எழுதி அனுப்புங்கள். ரெமி முடி. நிறம் 1பி, அதாவது இயற்கையான கறுப்பு, நம்பர் 1 வேண்டாம், அது நீலம் அடிக்கிற கட்டைக் கறுப்பு, வெயிலில் நின்றால் விக் என்று அப்பட்டமாகத் தெரியும். அடர்த்தியை விக் விற்கிறவர்கள் வீதத்தில் சொல்வார்கள், 130 வீதத்துக்கு மேல் வேண்டாம். நீளம் தோள் வரைக்கும், 14 அங்குலம் போதும், நீளம் கூடக் கூடச் சிக்கும் கூடும், விலையும் கூடும். முன்பக்கம் லேஸ், அதாவது மெல்லிய வலை, அதுவும் வெளிர் நிறத்தில் இல்லாமல் மண்ணிறத்தில். அளவு நாடாவை நெற்றியோரத்தில் இருந்து காதுக்கு மேலாகக் கொண்டு போய்ப் பிடரிக் குழிக்கு மேலே சுற்றி எடுத்து, பருத்தித் தொப்பி போட்டபடியே எடுங்கள், அந்தச் சென்டிமீட்டரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். முடி வளர வளரத் தலை கொஞ்சம் பெருக்கும் என்பதால், பின்னால் இழுத்துச் சின்னதாக்கவும் பெரிதாக்கவும் கூடிய பட்டி உள்ளதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.